மூக்குக்கு எண்ணெய் எப்போது, தண்ணீர் எப்போது

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று, பத்து மில்லி அணு தைலப் புட்டி. மற்றது, நீண்ட மூக்கு வைத்த சின்னக் கெண்டி. யோகா வகுப்புகளில் அதை நேதி பாட் என்பார்கள். பருவம் மாறும்போதெல்லாம் தும்மலும் மூக்கடைப்புமாகத் திண்டாடுகிற சொந்தக்காரர் யாராவது வந்தால், இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுதானே அந்த ஆயுர்வேத மூக்குக் கழுவல்? எப்படிச் செய்யணும்?" என்று கேட்பார்கள். நின்ற நிலையில் சொல்லி அனுப்பக்கூடிய பதில் இல்லை அது. ஒரே அலமாரியில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு மரபிலிருந்து வந்தவை. வெவ்வேறு வேலை செய்பவை. எண்ணெய்க்கு உரிய நாளில் தண்ணீரையும், தண்ணீருக்கு உரிய நாளில் எண்ணெயையும் பிடித்தால் உபத்திரவம்தான் மிஞ்சும்.

எண்ணெய்தான் ஆயுர்வேதத்தின் வழி. அதற்கு நசியம் என்று பெயர். சரகர் சொல்லும் பஞ்சகர்மம் என்ற ஐந்து சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. நம் சித்த மருத்துவத்திலும் நசியம் உண்டு. தேரையர் தம் நோயணுகா விதியில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் விட்டுக் கழுவுவது ஹடயோகத்தின் வழி. ஆறு சுத்திகரிப்புகளில் ஒன்றான நேதியிலிருந்து வந்தது. இன்று ஆயுர்வேத நிலையங்களிலும் நேதி செய்விக்கிறார்கள் என்பதால் இரண்டும் கலந்து ஒன்றுபோலத் தெரிகின்றன.

இரண்டின் வேலையும் புரிய வேண்டுமானால் மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

மூக்கின் உள்சுவரில் எப்போதும் ஈரமான சவ்வு படர்ந்திருக்கிறது. அதன்மேல் மெல்லிய சளிப் படலம். அந்தப் படலத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் நாற்று வயலில் காற்று அடித்தாற்போல ஒரே திசையில் அசைந்துகொண்டிருக்கின்றன. ஒரு நொடிக்குப் பத்து முறைக்கு மேல். நாம் இழுக்கும் தூசி, புகை, மகரந்தம், கிருமி எல்லாம் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் அந்தச் சளியை மெதுவாகத் தொண்டைப் பக்கம் தள்ளும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். வயிற்று அமிலம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஏறத்தாழக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பழைய படலம் போய்ப் புதுப் படலம் வந்துவிடுகிறது. ஆக, மூக்கு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அந்த ஏற்பாடு தடுமாறும் நாள்களில்தான் நம் உதவி தேவைப்படுகிறது.

தடுமாற்றம் இரண்டு விதம். ஒன்று, சவ்வு காய்ந்துபோவது. ஏசி அறையிலேயே நாளெல்லாம் இருப்பவர்களுக்கும் கோடைக் காற்றில் இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கும் இது நேரும். மூக்குக்குள் பக்குக் கட்டும், எரியும், சிலருக்கு லேசாக ரத்தம் கசியும். இன்னொன்று, சளி கெட்டியாகியோ அளவுக்கு மிஞ்சியோ தேங்கிவிடுவது. மழைக்கால ஈரத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சணம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி, போகியன்று தெருவெல்லாம் சூழும் புகை ஆகியவை பலருக்கும் இந்த இரண்டாவதைக் கொண்டுவருகின்றன. காய்ந்த மூக்குக்கு எண்ணெய், தேங்கிய மூக்குக்கு உப்புத் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லலாம். விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் எண்ணெய்.

தலையில் தங்கும் நோய்களுக்கு மருந்து செலுத்தும் வாசலாக மூக்கை ஆயுர்வேத நூல்கள் பார்க்கின்றன. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் சூத்திர ஸ்தானத்தின் 20ஆம் அத்தியாயம் முழுவதும் நசியத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் நசியம் செய்யும் வேலையை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்: தேங்கியதை வெளியேற்றுவது, வறண்டதைப் போஷிப்பது, கெட்டதைத் தணிப்பது. அளவை வைத்து இன்னொரு பிரிவு இருக்கிறது. நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு முக்கியமானது இதுதான். மர்சம் என்பது சிகிச்சை அளவு: ஒரு மூக்குத் துவாரத்துக்கு ஆறு, எட்டு அல்லது பத்துத் துளி. பிரதிமர்சம் என்பது அன்றாட அளவு: இரண்டே துளி. முதலாவது வைத்தியர் கையால் நடக்க வேண்டியது. இரண்டாவது மட்டும்தான் வீட்டு வழக்கம்.

துளி என்றால் எது துளி என்றும் வாக்படர் சொல்லிவிடுகிறார். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் எண்ணெயில் முக்கி எடுத்தால் நுனியிலிருந்து சொட்டுமே, அது ஒரு துளி. இவ்வளவு நுணுக்கமாக அளவு குறித்துவைத்தவர்களின் முறையை, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி மூக்கால் உறிஞ்சுகிற பழக்கமாக மாற்றிவிட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஷட்பிந்து தைலம் என்று ஒரு மருந்து கடைகளில் கிடைக்கும். ஷட்பிந்து என்றாலே ஆறு துளி. பெயரிலேயே அளவை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அணு தைலம் சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. மிக நுண்ணிய வழிகளிலும் நுழையும் என்பதால் அணு என்ற பெயர். சந்தனம், அகில், மரமஞ்சள், அதிமதுரம், ஏலம், வாய்விடங்கம், வில்வம், கோரைக்கிழங்கு, நன்னாரி, தேவதாரு, ஓரிலை, மூவிலை, தண்ணீர்விட்டான் கிழங்கு என்று நீளும் சரக்குகளை நூறு மடங்கு மழைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். எண்ணெயைப்போலப் பத்து மடங்கு கஷாயம் மிஞ்சும்வரை அதைச் சுண்டவைத்து, பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்காக நல்லெண்ணெயில் சேர்த்துப் பத்து முறை காய்ச்ச வேண்டும். பத்தாவது முறை சம அளவு ஆட்டுப்பால் சேரும். எண்ணெய்க் காய்ச்சலின் பக்குவம் தெரிந்தவர்களுக்கு இது எத்தனை நாள் வேலை என்பது புரியும். சமையலறையில் நாமே மூலிகை போட்டுக் காய்ச்சி மூக்கில் விட்டுக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். கேரள வைத்தியர்கள் நசியத்துக்கு விரும்பிப் பயன்படுத்தும் க்ஷீரபலா 101 என்பதும் இப்படித்தான்; பாலும் மூலிகையும் சேர்த்து எண்ணெயை 101 முறை காய்ச்சிய கணக்கு அந்த எண்.

இனிப் பருவத்துக்கு வருவோம்.

அணு தைலத்தை ஆண்டுக்கு மூன்று பருவங்களில் பயன்படுத்தச் சரகர் சொல்கிறார்: மழை தொடங்கும் பிராவிருட், மழை ஓய்ந்த சரத், வசந்தம். கூடவே ஒரு நிபந்தனை வைக்கிறார். வானம் மேகம் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தப் பருவக் கணக்கு வடநாட்டு வானத்தைப் பார்த்து எழுதப்பட்டது. சரத் காலத்தைப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை. கங்கைச் சமவெளியில் அப்போது வானம் கழுவி விட்டதுபோல இருக்கும். தமிழ்நாட்டிலோ அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அப்போதுதான் பெய்கிறது. நம் முன்னோர் அந்த இரண்டு மாதத்தைக் கூதிர் என்றார்கள்; வாடைக் காற்றின் காலம். நூலில் சரத் என்று போட்டிருக்கிறதே என்று ஐப்பசி அடைமழையில் உட்கார்ந்து மூக்கில் எண்ணெய் விட்டால், அதே நூல் போட்ட மேகமில்லா வானம் என்ற நிபந்தனையை மீறுகிறோம்.

வாக்படர் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். மாதத்தைவிட நாளின் பொழுதைப் பார்க்கச் சொல்கிறார். குளிர்காலமானால் நடுப்பகல், கோடையானால் மாலை, சரத்திலும் வசந்தத்திலும் முற்பகல், மழைக்காலமானால் வெயில் தலைகாட்டும் நேரம். இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரே யோசனைதான் ஓடுகிறது: உடம்பு மிகவும் குளிர்ந்தும் இருக்கக்கூடாது, மிகவும் சூடேறியும் இருக்கக்கூடாது. மதுரைக்காரருக்கும் ஊட்டிக்காரருக்கும் பஞ்சாங்கம் ஒன்றுதான், ஆனால் மார்கழிக் காலை ஒன்றல்ல. அவரவர் ஊர் வானத்தைப் பார்த்து முடிவுசெய்வதுதான் நூலின் கருத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். என் வழக்கத்தில், மாசி பங்குனியில் காலை வெயில் ஏறிய பிறகும், மழைக்காலத்தில் நாலைந்து நாள் வெளுத்திருக்கும்போதும்தான் தைலப் புட்டியைத் திறப்பேன்.

எப்போது செய்யக்கூடாது என்ற பட்டியல் எப்போது செய்ய வேண்டும் என்பதைவிட நீளம். அதைப் பலரும் படிப்பதே இல்லை. சாப்பிட்டவுடன் கூடாது. தண்ணீரோ மதுவோ குடித்தவுடன் கூடாது, குடிக்கப்போகும் சமயத்திலும் கூடாது. தலைக்குக் குளித்துவிட்டு வந்தவருக்கும், குளிக்கக் கிளம்புகிறவருக்கும் கூடாது. பிரசவித்த பெண்ணுக்குக் கூடாது. இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவருக்குக் கூடாது. பருவம் தப்பி மேகம் மூடிய நாளில் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாகப் பிடித்த சளிக்குக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். ஜலதோஷம் பிடித்தவுடன்தான் நமக்குத் தைலத்தின் ஞாபகமே வருகிறது. மூக்கில் நீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் விட்டால் தலைபாரம் கூடும், தொண்டைக்குள் வழுவழுவென்று இறங்கி இருமலை எழுப்பும். புதுச் சளிக்கு வெந்நீரும் ஓய்வும் போதும். நசியம் நன்றாக இருக்கும் மூக்கை நன்றாகவே வைத்திருப்பதற்கானது. வீட்டு அளவில் அதன் இடம் அவ்வளவுதான். நாள்பட்ட பீனிசத்துக்கும் இரண்டு துளி பிரதிமர்சத்தை வாக்படர் விலக்குகிறார். அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது, அது வைத்தியரின் வேலை.

நன்றாக இருக்கும் மூக்குக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்கலாம். வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்போது பிரதிமர்சம் செய்துகொண்டால் மூக்கின் வழி ஈரமாக இருப்பதால் தூசியும் புகையும் துன்புறுத்தாது என்பது சுசுருதரின் கருத்து. மாட்டுவண்டிப் பாதையை மனத்தில் வைத்துச் சொன்னது இன்றைய ஜிஎஸ்டி ரோட்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் எண்ணெய் நசியத்தின் பலனை இன்றைய முறையில் பெரிய அளவில் சோதித்து உறுதிசெய்த ஆய்வுகள் குறைவு. வறட்சி குறைகிறது, பக்குக் கட்டுவதில்லை என்பதை அனுபவத்தில் சொல்வேன். நினைவாற்றல் கூடும், முடி நரைக்காது என்று புட்டியின் அட்டையில் போட்டிருப்பதை என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் செய்யும் முறை சுருக்கமானது. தைலப் புட்டியை அடுப்பில் காட்டாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தால் வெதுவெதுப்பாகிவிடும். முகத்திலும் நெற்றியிலும் லேசாக எண்ணெய் தடவி, வெந்நீரில் பிழிந்த துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். மல்லாந்து படுத்து, தோளுக்கு அடியில் சின்னத் தலையணை வைத்தால் தலை சற்றே பின்னால் சாயும். ஒரு துவாரத்தை மூடிக்கொண்டு மற்றதில் இரண்டு துளி. பிறகு மாற்றி இரண்டு துளி. உறிஞ்சி இழுக்க வேண்டாம், தானாக இறங்கட்டும். தொண்டைக்கு வருவதை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே படுத்திருந்துவிட்டு எழுந்து வெந்நீரால் வாய் கொப்பளித்தால் முடிந்தது. படுத்திருக்கும்போது உள்ளங்காலையும் கழுத்தையும் தேய்த்துவிடச் சொல்கின்றன நூல்கள். வீட்டில் அதற்கு ஆள் கிடைத்தால் நல்லது.

இங்கே குழந்தைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தபோது அம்மாதான் குளிப்பாட்டினார். காலை நீட்டிப் போட்டுக் குழந்தையைக் கிடத்தி, உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்து, கடைசியில் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடப் போனார்.

"மூக்குல விடாதீங்கம்மா" என்றேன்.

"உனக்கும் உங்க அக்காவுக்கும் இப்படித்தானே விட்டு வளர்த்தேன்? என்ன ஆயிடுச்சு?" என்றார்.

கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. பெரிய அளவு நசியத்தை ஏழு வயதுக்குக் கீழும் எண்பது வயதுக்கு மேலும் விலக்கிய வாக்படரே, இரண்டு துளி பிரதிமர்சத்தைப் பிறந்தது முதல் அனுமதிக்கிறார். இந்த ஓர் இடத்தில் நான் நூலின் பக்கமோ அம்மாவின் பக்கமோ இல்லை. குழந்தை மருத்துவர்களின் பக்கம்தான். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் உடனே புரையேறி இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இருமலைத் தூண்டாது. சத்தமில்லாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். நுரையீரலால் அதைக் கரைத்து வெளியேற்ற முடியாமல் அழற்சி உண்டாகும். எண்ணெயால் வரும் இந்த நிமோனியாவை லாக்லன் என்ற மருத்துவர் 1925ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். விழுங்குவதும் மூச்சுவிடுவதும் இன்னும் சீராகப் பழகாத பச்சைக் குழந்தைக்கு அந்த ஆபத்து அதிகம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் அப்படியே. அவர்கள் மூக்கில் எந்த எண்ணெயும் வேண்டாம். அம்மாவிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். மறுநாள் மூக்கை விட்டுவிட்டு உச்சியில் ஒரு கை எண்ணெய் கூடுதலாக வைத்தார்.

இனித் தண்ணீர்.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகையில் நேதி என்று வருவது தண்ணீர் அல்ல, நூல். ஒரு சாண் நீள வழவழப்பான நூலை மூக்கில் நுழைத்து வாய்வழியே எடுப்பது. அதற்கு சூத்திர நேதி என்று பெயர். இப்போது நூலுக்குப் பதில் மெல்லிய ரப்பர்க் குழாய் பயன்படுகிறது. அதை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது. மூக்கால் தண்ணீரை இழுத்து வாயால் விடும் முறை கேரண்ட சம்ஹிதையில் கபாலபாதியின் ஒரு வகையாக வருகிறது. இன்று நாம் கெண்டியை வைத்துச் செய்கிற ஜலநேதி இவற்றுக்கெல்லாம் எளிய தம்பி.

ஆற்றிலோ கிணற்றிலோ முங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் உச்சிவரை சுள்ளென்று உறைக்கும். ஜலநேதியில் அப்படி உறைக்கக்கூடாது. காரணம் உப்பு. நம் ரத்தத்திலும் கண்ணீரிலும் உள்ள உப்பின் அளவு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம். வெறும் தண்ணீர் உள்ளே போனால் சவ்வின் செல்கள் அதை உறிஞ்சி வீங்குகின்றன, எரிகிறது. உப்பு மிஞ்சினால் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது, அப்போதும் எரிகிறது. கால் லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு என்பது கண்ணீரின் அளவுக்கு நெருங்கி வரும். அயோடின் சேர்க்காத உப்பு நல்லது. அயோடின் உப்பு சிலருக்கு மூக்கில் உறுத்தும். எரிச்சல் இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது.

வாஷ்பேசின் முன் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட வேண்டும். மேலே இருக்கும் துவாரத்தில் கெண்டியின் மூக்கை வைத்துச் சரித்தால் தண்ணீர் உள்ளே போய்க் கீழ்த் துவாரம் வழியாகத் தாரையாக இறங்கும். பாதிக் கெண்டி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். நடுவில் பேசவோ விழுங்கவோ கூடாது. எல்லாம் எளிதாக முடிந்துவிட்டது என்று நிமிர்ந்துவிடுபவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். உள்ளே மடிப்புகளில் தண்ணீர் மிச்சமிருக்கும். இடுப்பிலிருந்து குனிந்து, தலையை இடமும் வலமும் திருப்பி அதை வடிய விட வேண்டும். இரண்டு துவாரமும் திறந்திருக்க, மெதுவாக ஊதி வெளியேற்ற வேண்டும். ஒரு துவாரத்தைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் தண்ணீர் நடுக்காதுக்குப் போகும் குழாயில் ஏறிவிடும். நானே முதல் வாரத்தில் அப்படிச் சிந்திவிட்டு மூன்று நாள் காது அடைத்துக் கிடந்திருக்கிறேன். மூக்கு முழுதாக அடைத்திருக்கும்போதும், காதுவலி இருக்கும்போதும், மூக்கிலோ காதிலோ அறுவை சிகிச்சை செய்து நாளாகாதபோதும் இதைத் தொடக்கூடாது.

உப்புத் தண்ணீர்க் கழுவலுக்கு நவீன மருத்துவத்திலும் இடம் இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதை எழுதித் தருகிறார்கள், மருந்துக்கடையில் கழுவும் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் கிடைக்கின்றன. ஒவ்வாமை மூக்கடைப்பைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2018இல் வெளியானது. உப்பு நீரால் கழுவுவோர் தொந்தரவு குறைந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் ஆய்வுகளின் தரம் உயர்வாக இல்லை என்பது அதன் முடிவு. தூசியும் மகரந்தமும் சவ்வில் ஒட்டியிருக்கும் நேரம் குறைந்தால் தும்மல் குறையும் என்பது பார்த்தாலே விளங்குகிற விஷயம்தான். கன்னத்துக்குள்ளும் நெற்றிக்குள்ளும் இருக்கும் சைனஸ் அறைகளையே கெண்டித் தண்ணீர் கழுவிவிடுகிறது என்று நினைக்கக்கூடாது. அந்த அறைகளின் வாய் மிகச் சிறியது. தண்ணீர் பெரும்பாலும் மூக்கின் நடைபாதையோடு போய்விடும். நடைபாதை சுத்தமானால் அறைகள் தாமே வடிய வழி கிடைக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு யோகா முகாமில் விடியற்காலை ஐம்பது பேருக்கு ஜலநேதி செய்வித்தார்கள். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, கல்லுப்புப் போட்டு, வாளியில் வைத்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்று மொண்டுகொண்டேன். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தீர்களா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

நெக்லேரியா ஃபௌலேரி என்று ஓர் அமீபா இருக்கிறது. வெதுவெதுப்பான நன்னீர் அதற்குப் பிடித்த இடம். 46 டிகிரி செல்சியஸ் வரையிலும் தாங்கும். குளம், பராமரிக்காத நீச்சல்குளம், வெயில் காய்ந்த தொட்டி எதிலும் இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால், வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போய்விடும். நோய் வருவது மிக மிக அரிது. வந்தால் பிழைப்பவர்களும் அரிது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிர்கள் போனதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே நேதிக் கெண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். பழைய நூல்களை எழுதியவர்கள் கண்ணால் காண முடியாத இந்த உயிரை அறிந்திருக்க வழியில்லை. அவர்கள் விட்ட இடத்தில் இந்த ஒரு விதியை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விதி எளியது. தளதளவென்று கொதி வந்தபின் முழுதாக ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவிட்ட தண்ணீர் மட்டும்தான் மூக்குக்கு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கோயில் தீர்த்தம் எதற்கும் விலக்கு இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் மூக்குக்கும் நல்லது என்று ஆகாது. வயிற்றில் இருக்கும் அமிலக் காவல் மூக்கில் இல்லை. கெய்சர் தண்ணீர் சூடாக இருந்தாலும் கொதித்த தண்ணீர் அல்ல. ஆறவைத்த தண்ணீரில் சூடு குறைந்துவிட்டால் குழாய்த் தண்ணீரைக் கலக்காமல் அதையே திரும்பச் சுடவைக்க வேண்டும். கெண்டியையும் வேலை முடிந்ததும் கொதித்த தண்ணீரால் அலசிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஒருவர் கெண்டியை இன்னொருவர் எடுக்கக்கூடாது, கணவன் மனைவியானாலும்.

சரி, ஒரே ஆள் இரண்டையும் செய்யலாமா? செய்யலாம், ஒரே மூச்சில் வேண்டாம். போகிப் புகைக்குப் பிறகோ, வீட்டுக்கு வெள்ளையடித்து ஒட்டடை தட்டிய அன்றோ மாலையில் ஒருமுறை உப்புத் தண்ணீரால் கழுவிவிடுவேன். ஒவ்வாமை தலைதூக்கும் வாரங்களில் தினம் ஒருமுறை, அடங்கியதும் நிறுத்திவிடுவேன். வருடம் முழுக்கத் தினமும் கழுவிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சளிப் படலத்துக்கும் அதற்குரிய காவல் வேலை இருக்கிறது, அதைத் தினம் வழித்துவிடுவானேன்? கழுவிய நாளில் எண்ணெய் விடமாட்டேன். மறுநாள் மூக்கு காய்ந்தாற்போல இருந்து, வெயிலும் இருந்தால் இரண்டு துளி.

இந்த இரண்டுக்கும் அடங்காதவை சில உண்டு. பத்து நாளைத் தாண்டியும் குறையாத சளி, காய்ச்சலோடு கன்னத்திலோ நெற்றியிலோ குத்தும் வலி, கண்ணைச் சுற்றி வீக்கம், தாங்கமுடியாத தலைவலியோடு வாந்தி என்றால் கெண்டியையும் தைலத்தையும் அலமாரியிலேயே விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ மூக்கிலிருந்து கறுப்பாக ஏதாவது வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. 2021இல் கரும்பூஞ்சை நோய் அப்படித்தான் தொடங்கிப் பலரின் கண்ணைப் பறித்தது. சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், அது சளிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு. உள்ளே ஒரு பாசிமணியோ புளியங்கொட்டையோ பஞ்சுத் துண்டோ பல நாளாகச் சிக்கியிருக்கும். அதைத் தண்ணீர் விட்டோ எண்ணெய் விட்டோ எடுக்க முயலாமல், குழந்தையைப் படுக்கவைக்காமல், தோளில் நிமிர்த்திப் போட்டபடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.